அரிசி வந்தது, ஆள் வரவில்லை

மட்டக்களப்புக்கு நான் சுமந்துபோன சாமான்களில் மிகக் கனமானது என் பேச்சு. நாற்பத்திரண்டு ஸ்லைடுகள். ‘அகமாற்றமும் சமூக மேம்பாடும்’ என்று தலைப்பு. முதல் ஸ்லைடில் ஒரு மரம் இருக்கும். வேரில் ‘விழுமியம்’, தண்டில் ‘நடத்தை’, பழத்தில் ‘வளர்ச்சி’ என்று எழுதியிருப்பேன். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மன்னார்குடியைச் சுற்றி இதை எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டேன். எந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அந்தக் கைதட்டல் கடல் தாண்டியும் கேட்டிருக்க வேண்டும். ஏறாவூரில் கிராமச் சங்கங்களை ஒருங்கிணைக்கும் நஸீரா மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்திருந்தாள். மார்கழி மாதத்தில் கிழக்கிலங்கைக்கு யாராவது போவார்களா என்று கேட்க எனக்கு யாரும் இல்லை. போனேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மழை பெய்துகொண்டிருக்கவில்லை, கொட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு அபாயா அணிந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி ஒரே குடையுடன் நின்றாள். “டீச்சர், குடைய நீங்க புடிங்க. நான் நனைஞ்ச ஆள்தான்” என்றாள். அதுதான் நஸீரா. அன்றிலிருந்து நான்கு நாளும் எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’தான். என் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

காலைச் சாப்பாடு அவள் வீட்டில். சிவப்பரிசிப் புட்டு, மீன் சொதி, கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர். தயிரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் தயிர் என்று பாக்கெட்டில் விற்கும் வெள்ளைத் தண்ணீரை நினைத்துக்கொண்டேன்.

“கூடப் பொறந்த ஆக்கள் இரிக்காங்களா டீச்சர்?”

“ஒரு தங்கை. நீடாமங்கலத்தில் தனியாக இருக்கிறாள். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. மாதா மாதம் மருந்து நான்தான் அனுப்புகிறேன். போனில் பதிந்துவிட்டால் வாசலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.”

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

“தூரமா?”

“பஸ்ஸில் அரைமணி நேரம்.”

நஸீரா “நல்லம்” என்று சொல்லி இன்னொரு பிடி புட்டு வைத்தாள்.

பயிற்சி மண்டபம் தன்னாமுனைப் பக்கம். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர் என்பது தேநீர் வேளையில் தெரிந்தது. வடக்கே வாகரைப் பக்கத்திலிருந்து வர வேண்டிய பன்னிரண்டு பேரில் ஒருவரும் இல்லை. நான் மரத்தின் வேரில் இருந்தபோது நஸீராவின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவள் முகம் மாறியிருந்தது.

“மாமாதான் எடுத்த. களப்புத் தண்ணி வெள்ளாமைக்குள்ள ஏறிட்டாம். மீன்காரங்க முகத்துவாரம் வெட்டமாட்டம் எண்டு நிக்கிறாங்களாம். நான் போகணும் டீச்சர்.”

“நானும் வருகிறேன்” என்றேன். ஒன்பது பேருக்குப் பேசுவதைவிட அது மேல் என்று தோன்றியதும் ஒரு காரணம்.

அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஓட்டமாவடிக்கு வடக்கே, கடலோரமாக, ஒரு சிறிய களப்பு. களப்பு என்றால் கடலுக்கு அண்டைவீடான உப்பேரி. இடையில் ஒரு மணல்திட்டு. கோடையில் திட்டு களப்பின் வாயை அடைத்துவிடும். மழையில் களப்பு நிரம்பினால் தண்ணீர் பின்வாங்கி வயலுக்குள் ஏறும். மணலை வெட்டி வாயைத் திறந்துவிட்டால், அதாவது முகத்துவாரம் வெட்டினால், தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும், வயல் பிழைக்கும். ஆனால் களப்பில் வளர்ந்துகொண்டிருக்கும் இறாலும் சேர்ந்து ஓடிவிடும். வயல் ஒரு கரையில், முஸ்லிம்களுடையது. இறால் மறு கரையில், அதைப் பிடித்துப் பிழைக்கும் தமிழ் மீனவர்களுடையது. கடவுள் இதைவிடச் சிக்கலாக ஓர் ஊரை அமைக்க முடியாது.

மறுநாள் காலை ஓட்டோவில் கிளம்பினோம். ஏறாவூரைத் தாண்டியதுமே சைலன்சருக்குள் தண்ணீர் போய் ஓட்டோ நின்றது. ஓட்டுநர் இறங்கி அதை ஒரு மாட்டைப் போலத் தட்டிக்கொடுத்தார். அது அசையவில்லை. பிறகு நெல் மூடை ஏற்றும் ஒரு ட்ரெக்டரின் பெட்டியில் ஏறினோம். ஏறினோம் என்பது மரியாதையான சொல். இரண்டு பேர் என்னைத் தூக்கிப் போட்டார்கள். ஓட்டமாவடியில் இஞ்சி போட்ட பிளேன்டீ கிடைத்தது. பால் இல்லாத தேநீரை நான் வீட்டில் தொடமாட்டேன். அங்கே இரண்டு குடித்தேன்.

ட்ரெக்டரில்தான் நஸீரா பழைய கதையைச் சொன்னாள்.

சண்டைக் காலத்தில் இரண்டு கரையும் ஒன்றை ஒன்று பார்த்துப் பயந்து கிடந்தன. சண்டை முடிந்த பிறகும் முகத்துவாரம் வெட்டுவது பொலிஸ் காவலோடுதான் நடந்தது. ஒரு வருடம் திட்டை வெட்டிய மறுவாரம், யாரோ வயல் அணையை உடைத்துக் கடல்தண்ணீரை உள்ளே விட்டார்கள். நஸீராவின் தாய்மாமன் மீராலெவ்வைதான் அந்த வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை. அவருடைய வெள்ளாமை முழுவதும் உப்பில் கருகியது. யார் உடைத்தது என்று தெரியவில்லை. தொண்டு நிறுவனக்காரர்கள் வந்து சமாதானக் குழுக்கள் அமைத்தார்கள். தொப்பி கொடுத்தார்கள், டீசேர்ட் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

“அடுத்த வருசம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு ஆக்கள் வெளிய வாறாங்க. பள்ளி வாசல்ல மீன்காரச் சங்கத்துத் தலைவர் நல்லதம்பி தனிய நிக்கிறாராம். ‘அணைய உடைச்சது நான்தான். ராவெல்லாம் நித்திர வருகுதில்ல, அதான் சொல்ல வந்த’ எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னாராம்.”

“அடித்தார்களா?”

“மாமா ஒண்டும் பேசல்ல. வீட்ட போயிட்டார். அடுத்த நாள் காலத்தால கிடாரம் நிறையச் சோறாக்கி, மாமியையும் ஏத்திக்கொண்டு அவங்கட ஊருக்குப் போனவர். ‘கறி இருக்கா?’ எண்டு கேட்டாராம்.”

அன்றுமுதல் இரண்டு வழக்கம். முகத்துவாரத்தில் முதல் வெட்டை மீனவர்தான் வெட்ட வேண்டும். இழக்கப்போகிறவர் கையால்தான் அது தொடங்க வேண்டும். அறுவடை முடிந்ததும் புதிர் அரிசியை, அதாவது அந்தப் போகத்தின் முதல் அரிசியை, விவசாயிகள் மீனவர் ஊருக்குக் கொண்டுபோய் அங்கேயே சோறாக்குவார்கள். கறி மீனவர்களுடையது. சகன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. பொலிஸும் வருவதில்லை.

நான் நோட்டுப்புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்துமூன்றாவது ஸ்லைடு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மீராலெவ்வை வயல் வரம்பில் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, தலையில் தொப்பி நனைந்து ஒட்டியிருந்தது. கையில் ஒரு கம்பு. அதில் கயிற்றால் முடிச்சுகள். தண்ணீர் எந்த முடிச்சில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வயல் என்று சொன்ன இடத்தில் பச்சை நுனிகள் மட்டும் தெரிந்தன.

ஒரு நெல்தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே வெளிவராத கதிர், பால் வெள்ளையாக.

“இது குடல டீச்சர். புள்ள வயித்துக்குள்ள இரிக்கி. மூணு நாள் மூச்சடக்கும். நாலாம் நாள் அழுகிரும். நேத்தோட ஒரு நாள் போயிட்டு.”

நானும் டெல்டாக்காரிதான். கதிர் வெளிவராமல் அழுகின பயிரின் நாற்றம் எனக்குத் தெரியும். 

அவருடைய மருமகன் ரிஸ்வான் கத்தாரிலிருந்து திரும்பி இரண்டு வருடம். கையில் கடிதத்தோடு நின்றான். மண்தோண்டும் இயந்திரத்துக்கு, அங்கே சொல்வதுபோல் பெக்கோவுக்கு, அனுமதி வாங்கிவிட்டான். ரோட்டில் தண்ணீர் வடிந்தால் நாளைப் பகலுக்கு வந்துவிடும்.

“அவங்கட காலப் புடிச்சிக்கிட்டு ஏன் நிக்கணும் மாமா? பெக்கோ வந்தா அரைமணித்தியாலத்தில வேல முடிஞ்சிரும்.”

“மெசின் வெட்டினா தண்ணி போகும்” என்றார் மீராலெவ்வை. “பொறகு?”

ரிஸ்வான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். 

“அவங்களுக்கு என்ன கோபம்?” என்று கேட்டேன்.

“அதான் வெளங்குதில்ல. போன் எடுத்தா நல்லதம்பி பேசுறான் இல்ல. போன போகத்தில அரிசி முந்தினதவிடக் கூடத்தான் அனுப்பின. எட்டு மூடை.”

‘அனுப்பின’ என்ற சொல்லை நான் கேட்டேன். நஸீராவும் கேட்டாள். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

“நான் போனா சத்தம் வரும். நீங்க வெளியாள். போய்க் கேட்டுப் பாருங்க டீச்சர்” என்றார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இத்தனை நாள் படித்ததெல்லாம் இந்த ஒரு தருணத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

களப்பைத் தோணியில் கடந்தோம். தோணி என்றால் இரண்டு பேர் மூச்சுவிட்டாலே ஆடுவது. நஸீரா ஓதிக்கொண்டே வந்தாள். நான் எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். தோணிக்காரர் மட்டும் வெற்றிலை மென்றார்.

நல்லதம்பி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒல்லியான, ஐம்பத்தைந்து வயதுக்காரர். எழுந்து நாற்காலி போட்டார். பிளேன்டீயும் ஒரு துண்டுச் சர்க்கரையும் வந்தன. எல்லா மரியாதையும் நடந்தது. ஆனால் முகத்துவாரம் என்ற சொல்லை எடுத்தவுடன் கண் வலைக்குப் போய்விட்டது. நான் பேசினேன். மன்னிப்பு பற்றி, பகிர்தல் பற்றி, பயிரும் ஓர் உயிர் என்பது பற்றி. சுமார் ஏழு ஸ்லைடு அளவுக்கு. அவர் கடைசிவரை கேட்டார்.

“நல்லாப் பேசுறீங்க டீச்சர்” என்றார். அவ்வளவுதான். மறுபடி வலை.

அவருடைய மனைவி யோகம்மா என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். கொட்டிலின் மூலையில் எட்டு மூடை. கட்டு அவிழவில்லை. மேல் மூடையில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. வண்டு துளைத்த மாவு தரையில் கோடாகக் கிடந்தது.

“இந்தா கிடக்கு அவங்கட புதிர்” என்றாள். “நாங்க பாய் விரிச்சு, நாப்பது பேருக்கு றால் கறி வெச்சுக்கொண்டு இருந்த டீச்சர். மத்தியானம் ஒரு ட்ரெக்டர் வந்த. ஒரு ட்ரைவர் மட்டும். மூடையை இறக்கிப்போட்டு ஒரு துண்ட நீட்டினான். ‘கிடைச்சது எண்டு கையெழுத்து வைங்க’ எண்டான்.”

அவள் கொட்டிலிலேயே இருந்த அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை.

“முகாமில எத்தின வருசம் வரிசையில நிண்டு கையெழுத்து வெச்சு அரிசி எடுத்த ஆக்கள் நாங்க. அது நிவாரணம். தந்தவன் ஆர் எண்டு எங்களுக்கும் தெரியா, எடுத்தது ஆர் எண்டு அவனுக்கும் தெரியா. இது அப்பிடியா? ஒரு சகன்ல கை வெச்சுத் திண்ட மனிசன் அனுப்பின அரிசி. கறி ஆறிப் பழுதாப் போச்சு. நாய்க்குப் போட்ட.”

நஸீரா வீட்டில் நான் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏனென்று அப்போது தெரியவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே தெரிந்தது. ‘போனில் பதிந்துவிட்டால் வாசலிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.’ கொண்டுவருகிற பையன் தங்கையிடம் ஒரு துண்டை நீட்டுவானா? வலது கையால் கையெழுத்துப் போடும்போது அந்தத் துண்டை எதை வைத்து அழுத்திப் பிடிப்பாள்? கொட்டிலில் நின்றபடி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நஸீரா மாமாவுக்குப் போன் எடுத்தாள். நான் நீளமாக ஏதோ சொல்லச் சொல்லியிருப்பேன். அவள் ஒரே வரியில் முடித்தாள்.

“மாமா, நீங்க வரல்ல. அதுதான்.”

 மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

யோகம்மா வீட்டிலேயே தங்கினோம். மூன்றாம் நாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது. களப்பு மட்டும் இறங்கவில்லை. ஊர் முழுக்க மணல்திட்டில் நின்றது. ஒரு பக்கம் கடல் சாம்பல் நிறத்தில் அறைந்துகொண்டிருந்தது. மறுபக்கம் களப்பு சத்தமில்லாமல் விளிம்புவரை நின்றது. இரண்டுக்கும் நடுவே முப்பது முப்பத்தைந்து அடி மணல்தான். எந்தத் தண்ணீருக்கும் அதுவாகப் பாதை எடுக்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டு தோணி வந்தது. மீராலெவ்வை, அவர் மனைவி, ரிஸ்வான், வயல்காரர்கள் நாலைந்து பேர். மனைவியின் மடியில் துணி கட்டிய கிடாரம். கிழவர் தண்ணீரில் இறங்கி நடந்து வந்து நல்லதம்பியின் முன்னால் நின்றார்.  நல்லதம்பியே சாக்குச் சொல்ல ஒரு வாசலைத் திறந்துவிட்டார்.

“காக்கா, போன புதிருக்கு உங்களுக்குச் சுகமில்லையோ?” காக்கா என்றால் அங்கே அண்ணன்.

“ஓம் ஓம், மாமாக்கு முழங்கால்ல” என்று ரிஸ்வான் தொடங்கினான்.

“பொய் சொல்லாத மகன்” என்றார் மீராலெவ்வை. சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. “எனக்கு ஒரு நோயும் இல்ல தம்பி. காலும் நல்லாத்தான் இரிக்கி. பஞ்சி. வரப் பஞ்சி.”

பஞ்சி என்றால் சோம்பல் என்று நஸீரா என் காதில் சொன்னாள். சொல்லாவிட்டாலும் அவர் நின்ற நிலையே அதைச் சொல்லியிருக்கும்.

“முதல் வருசம் ஒங்கட ஊருக்குச் சோறு கொண்டு வரக்குள்ள எனக்குக் கை நடுங்கின. அடுத்த வருசம் நடுங்கல்ல. பொறகு ஒரு வழக்கமாப் போச்சு. போன வருசம் வெயில். வீட்டில ஆக்கள். எல்லாம் நல்லாத்தானே போகுது, அரிசி போய்ச் சேர்ந்தாக் காணும் எண்டு நெனச்சிட்டன். ஒனக்குச் சொல்ல ஒரு சாட்டுத் தேடிப் பாத்த. ராத்திரியும் தேடின. ஒண்டும் இல்ல.”

நல்லதம்பி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாடை அசைந்துகொண்டே இருந்தது. ஏதாவது சாக்கு சொல்லியிருந்தால் அதைப் பிடித்து எறிய அவர் தயாராக வந்திருந்தார் என்று நினைக்கிறேன். எறிய ஒன்றும் கிடைக்கவில்லை.

“அண்டைக்குப் பள்ளி வாசல்ல நான் நிக்கக்குள்ள நீங்களும் என்னட்ட ஒரு சாட்டும் கேக்கல்ல காக்கா” என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். களப்பில் இறங்கி இறால் பிடிப்பது அவளும் மற்றப் பெண்களும்தான். வெட்டினால் முதலில் வெறுங்கையாகப் போவது அவர்கள்.

யோகம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“வெட்டுங்க. ஆனா அந்த எட்டு மூடையும் இந்த ஊரில கிடக்கக்கூடாது.”

மீராலெவ்வை அவர்கள் வளவுக்குள் போனார். திரும்பி வந்தபோது முதுகில் ஒரு மூடை. மணலில் கால் புதைந்தது. பாதி வழியில் ரிஸ்வான் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டான். மீதி ஏழையும் அவனே சுமந்தான். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வண்டுமாவு முதுகெல்லாம் ஒட்டியது. ஊரார் யாரும் கை கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஐந்தாவது மூடைக்குப் பிறகு அவன் நடை மாறியிருந்தது. கடிதத்தோடு நின்ற பையன் அதில் இல்லை.

எட்டாவது மூடை தோணியில் ஏறியதும் நல்லதம்பி மண்வெட்டியை எடுத்தார். களப்புப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். முதல் வெட்டு ஆழமாக இல்லை. மண்ணைத் தூக்கி ஓரமாக வைத்தார், எறியவில்லை. பிறகு எல்லோரும் விழுந்தோம். நானும்தான். இருபது நிமிடத்தில் என் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன. இத்தனை வருடம் சாக்பீஸ் பிடித்த கை வேறெதற்கும் லாயக்கில்லை.

ஒரு முழ அகலத்தில் ஓடை கடலைத் தொட்டதும் மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. மணல் கரை கரையாக இடிந்து விழுந்தது. “மேல வாங்க, மேல வாங்க” என்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நாங்கள் நின்ற இடம் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. பழுப்புத் தண்ணீரில் இறால்கள் கண்ணாடித் துண்டுகளாகத் துள்ளிக்கொண்டு போயின. பெண்கள் ஓரத்தில் இறங்கி அத்தாங்கால், அதாவது கைவலையால், முடிந்தமட்டும் அள்ளினார்கள். அள்ளியது கொஞ்சம். போனது எல்லாம்.

“இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா விரல் மொத்தத்துக்கு வந்திருக்கும்” என்று யோகம்மா சொன்னாள். அவள் அழவில்லை. மழையை ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு கைவலையில் கிடந்ததை மீராலெவ்வையின் மனைவியிடம் நீட்டினாள். “இந்தாங்க, உரியுங்க. கறி வைக்கணும்.”

மணலிலேயே அடுப்பு மூட்டினார்கள். கிடாரத்தில் இருந்தது பழைய நெல்லின் சோறு. புதிர் இன்னும் தண்ணீருக்கடியில் இருந்தது. இரண்டு சகன் வைத்தார்கள். ஒன்றில் பெண்கள், ஒன்றில் ஆண்கள். யோகம்மா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். எங்கள் வீட்டில் எச்சில் என்பது பெரிய விஷயம். என் டம்ளரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. ஒரு கணம் என் கை தட்டின் விளிம்பில் நின்றது. யோகம்மா அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் ஒரு இறாலை என் பக்கம் தள்ளிவைத்தாள். சாப்பிட்டேன். நாற்பது வருடம் சமத்துவம் கற்றுக்கொடுத்த டீச்சர், அன்றுதான் முதல் தடவை ஆறு கைகளோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள். வெட்கமாக இருந்தது. கறி நன்றாக இருந்தது.

நாங்கள் கை கழுவும்போது மறுகரை ரோட்டில் மஞ்சள் நிறத்தில் பெக்கோ வந்து நின்றது. ரிஸ்வான் தோணியில் போய் அந்த ஓட்டுநரையும் கூட்டிவந்து சோறு போட்டான். அவர் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். சாப்பிட்டார். இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாலைக்குள் கம்பில் மூன்று முடிச்சு தெரிந்தது. தாழ்ந்த வயல் அழுகிவிடும் என்றும் மேட்டு வயல் பிழைக்கும் என்றும் மீராலெவ்வை சொன்னார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றவர், உடனே நல்லதம்பியைப் பார்த்து, “இந்த முற அரிசி கொறயும் தம்பி” என்றார்.

“குறையட்டும். ஆக்கள் குறையாம வாங்க.”

மழையால் நின்ற பயிற்சியை நஸீரா நான்காம் நாள் மறுபடி கூட்டினாள். தன்னாமுனை மண்டபம் நிறைந்தது. நல்லதம்பி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். “நீங்களே வந்து பேசுங்கள்” என்று மேடையிலிருந்து கேட்டேன். “நான் என்னத்தப் பேச? நீங்க சொல்லுங்க டீச்சர், கேக்கத்தானே வந்த” என்றார். மரம் திரையில் நின்றது. வேரில் விழுமியம், பழத்தில் வளர்ச்சி. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் மரம் தானாக நிற்கும் என்றுதான் எல்லா ஊரிலும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வேர், கிழவர் ஒரே ஒரு மதியம் வீட்டிலேயே இருந்துவிட்டதால் ஆடிப்போனதை நேற்றுத்தான் பார்த்திருந்தேன். பல்லாண்டு முன் மனம் மாறிய மனிதர்தான் அவர். அந்த மாற்றத்தை ஒவ்வொரு வருடமும் உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதை எந்த ஸ்லைடிலும் நான் எழுதியிருக்கவில்லை.

மடிக்கணினியை மூடினேன். என் தங்கையைப் பற்றிச் சொன்னேன். மருந்து அனுப்புவதை, ஒரு மாதமும் தவறாததை, நான் கடைசியாக அவள் வீட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆனதை. பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

திருச்சியில் இறங்கி மன்னார்குடி பஸ் ஏறினேன். நீடாமங்கலத்தில் இறங்கிவிட்டேன். நஸீரா கொடுத்த ஏறாவூர்க் கைத்தறிப் புடவை ஒன்று பையில் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்லலாமா என்று தெருமுனைவரை யோசித்தேன். வேண்டாம் என்று பையின் அடியில் தள்ளினேன்.

தங்கை வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாளோடு போராடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வள்ளி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு என் பையைப் பார்த்தாள்.

“மருந்து நேத்தே வந்துடுச்சேக்கா.”

“தெரியும்.”

“பின்ன, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?”

“யாருக்கும் ஒன்னும் ஆகல. இத்தனை நாளும் வரச் சோம்பலா இருந்துச்சு வள்ளி. வேற காரணம் ஒன்னும் இல்ல.”

 திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உள்ள வா, ஒலை வைக்கிறேன்” என்று சொல்லி, என் பையை வாங்க வலது கையை நீட்டினாள். இடது கை மடங்கி, நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தது. அது அவ்வளவு மெலிந்துபோயிருந்தது எனக்குத் தெரியாது.